பயிற்சித் துணை, எண் மூன்று

லுவான் வெய்ஹுவா உலகப் பட்டம் வென்ற இரவுவரை
நான் ஹங்கேரிக்காரியாக இருந்தேன்.
எட்டு மாதம்.

முகாமில் காலை ஆறரைக்கு
ஒளிநாடாவைப் போடுவார் பயிற்சியாளர் மியாவ்.
"பார், முதலில் இடது தோள் இறங்கும்,
அப்புறம்தான் மணிக்கட்டு."
நான் தோளை இறக்கப் பழகினேன்.
சர்வ் போடுமுன் அவள் மேசையைத் துடைப்பாள், இரண்டு முறை,
உள்ளங்கையில் வியர்வையே இல்லாவிட்டாலும்.
அதையும் பழகினேன்.
தோற்கும்போது அவள் கன்னத்தின் உட்புறத்தைக் கடிப்பாள்.
யாரும் கேட்கவில்லை, நானாகவே கடித்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டு கொரியாக்காரி, இடக்கைக்காரி.
பிறந்ததிலிருந்து வலக்கைக்காரியான நான்
பதினோரு மாதம் இடக்கையால் பல் துலக்கினேன்.
வசந்த விழாவுக்கு ஆன்ஷான் போனபோது
குச்சிகளை இடக்கையில் பிடித்திருந்தேன்.
அம்மா பார்த்தாள்.
எதுவும் சொல்லாமல்
கிண்ணத்தை மறுபக்கம் நகர்த்தி வைத்தாள்.

லுவானிடம் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் தோற்பேன்.
தோற்பது என் வேலை, ஆனால்
சும்மா தோற்கக்கூடாது.
ஹங்கேரிக்காரி எந்த இடத்தில் தோற்பாளோ
அந்த இடத்தில், அந்த வழியில் தோற்க வேண்டும்.
ஒருநாள் மறந்துபோய் ஜெயித்துவிட்டேன்.
மியாவ் மட்டையைப் பிடுங்கினார்:
"அவளால் அந்தப் பந்தை எடுக்க முடியாது. நீ ஏன் எடுத்தாய்?"

இறுதி ஆட்டம், ஐரோப்பாவில் எங்கோ பனி பெய்த ஊரில்.
நாங்கள் சாப்பாட்டுக் கூடத்தில், எண் ஒன்றிலிருந்து ஒன்பது வரை,
ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால்.
ஐந்தாவது செட், பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.
திரையில் அவள் மேசையைத் துடைத்தாள். இன்னொரு முறை.
தோள் இறங்கியது.
என் கை தானாக எழுந்து
முட்டைக்கோஸ் சூப்பைத் தட்டிவிட்டது.
பந்து கிளம்புமுன்பே லுவான்
இடது மூலையில் போய் நின்றிருந்தாள்,
வீட்டுக் கதவைத் திறப்பவள் மாதிரி.

தாய்நாட்டுக்கு நன்றி சொன்னாள், பயிற்சியாளருக்கு,
பசை தந்த தொழிற்சாலைக்கு.
நான் என் சூப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
இரண்டு முறை.

பிறகு பந்து இரண்டு மில்லிமீட்டர் பெருத்தது.
இருபத்தொன்று சுருங்கிப் பதினொன்றானது.
லுவானைக் கடைசியில் வீழ்த்தியது வெளிநாட்டுக்காரி அல்ல,
எங்கள் இரண்டாம் அணிச் சிறுமி, பதினேழு வயது.
அவளைப் போல ஆட யாரும் பழகியிருக்கவில்லை.
அவளுக்கு ஒளிநாடாவே இல்லை.

எனக்கு ஒரு கடிதம் வந்தது.
அதில் பெயர் தவறாக எழுதியிருந்தது, எண் சரியாக இருந்தது.

இப்போது இரும்பாலைக்குப் பின்தெருவில் எனக்கொரு கடை.
மட்டைக்கு ரப்பர் ஒட்டித் தருகிறேன்.
பழைய பசையைத் தடை செய்துவிட்டார்கள், மூளைக்குக் கெடுதலாம்.
புதியதற்கு மணமே இல்லை,
சில மாலைகளில் தலை வலிக்காதது ஒரு குறையாக இருக்கிறது.

போன நவம்பரில் லுவான் வந்தாள்.
மாகாண விளையாட்டுத் துறையில் துணை இயக்குநர்,
புது அரங்கின் திறப்பு விழா, சட்டையில் காகிதப்பூ.
முழங்காலில் இரும்பு வைத்திருக்கிறார்களாம்.
கடைக்குள் பார்சல் பெட்டிகளுக்கு நடுவே இருந்த மேசையைக் காட்டி
"நான்கு பந்து" என்றாள்.

சர்வ் போட்டேன்.
"இது ஹங்கேரி" என்று திருப்பி அடித்தாள்.
கை மாற்றிப் போட்டேன்.
"கொரியா."
குட்டையாக, அடிச்சுழலோடு.
"யாரிது, அந்த ஜெர்மன்காரி?
செத்துப்போய்விட்டாளாமே, தெரியுமா?"
தெரியாது.
கன்னத்துக்குள் பழைய தழும்பை நாக்கு தொட்டது.

"நீ போடு" என்றாள்.

பந்து உள்ளங்கையில் இருந்தது.
தோளை இறக்கவில்லை, மேசையைத் துடைக்கவில்லை.
எந்தக் கால் முன்னால் என்றுகூடத் தெரியாமல்
மேலே எறிந்தேன்.

வலையில் போய் விழுந்தது.

லுவான் இரும்பு முழங்காலை மெல்ல மடக்கி
அதைக் கீழிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.
"இந்த சர்வை நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

பிறகு, பழக்கதோஷம்,
அந்தப் புள்ளியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.