உப்பில்லாத ஐந்து நாள்

மூன்று மணித்தியாலம் கார் ஓடி
சோபிள் கரையில் இறங்கியதும்
பைரவி செய்த முதல் வேலை,
விரலை நனைத்து நக்கிப் பார்த்தது.
"அம்மா, இது பொய்க் கடல்."

பொய்தான்.
ஹியூரன் ஏரி என்கிறது பலகை.
ஆனாலும் அக்கரை தெரியவில்லை.
அலை வருகிறது, மனம் மாறித் திரும்புகிறது.
காற்றில் கவிச்சி மட்டும் இல்லை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றால்
இவ்வளவு தண்ணீரையும்
எந்தக் குப்பையில் கொட்டுவது?

நான் இரவு ஷிஃப்ட்காரி.
பிக்கரிங்கில், ஜன்னலில்லாத கிடங்கில்,
யார் யாரோ வாங்கிய பெட்டிகளுக்கு
நின்றபடி முகவரி ஒட்டுகிறவள்.
முதல் நாள் முழுக்க
என் கை எதையாவது ஒட்டத் தேடியது.
வாடகை வீட்டுக் குசினியில்
அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், உப்புப் போத்தல்
எல்லாவற்றையும் உயரவாரியாக அடுக்கினேன்.
குகதாசன் கதவடியில் நின்று பார்த்தார்.
"லீவுக்கும் கொஞ்சம் லீவு குடுமப்பா."

இரண்டாம் நாள் மழை.
முந்நூற்றுநாலு ஆடினோம்.
மச்சான் ஞானகரன் கள்ள ஆட்டம்.
எல்லோருக்கும் தெரியும்,
ஒருவரும் சொல்லவில்லை.
கூரையில் விழுந்த பைன் காய்களை
எண்ணத் தொடங்கி
பதினேழில் நித்திரையானேன்.
பகலில். விளக்குப் போடாமல்.
அலாரம் வைக்காமல்.

மூன்றாம் நாள் வெயில்.
தெருக்கோடியில் ஆண்ட்ரிஸ் மீன் புகைபோடுகிறான்.
கறுத்த தகரக் கூண்டு,
கதவைத் திறந்தால் பொன்னிறத்தில் வரிசை.
அப்பா லாத்வியாவில் இருந்து கப்பலில் வந்தவராம்,
இவன் பிறந்தது ஹமில்டன்.
"அந்தக் கடலைப் பார்த்திருக்கிறாயா?"
"ஒருமுறை. போன கோடை. பத்து நாள்.
சின்னப் பட்டினம். பைன் மரம், மணல்,
சைக்கிளில் போகிற கிழவர்கள்,
ஐஸ்கிரீம் கடையில் நீண்ட வரிசை."
சொல்லிக்கொண்டே வந்தவன்
எங்கள் பின்னால் இருந்த தெருவைப் பார்த்து
நிறுத்திக்கொண்டான்.
அங்கே பைன் மரம், மணல், சைக்கிள்.
ஐஸ்கிரீம் வரிசையில் ஞானகரன்.

"உப்புக் கரிக்குமா?" கேட்டாள் பைரவி.
"பெரிதாக இல்லை."
அவளுக்கு அது பெரிய ஆறுதல்.
பொய்க் கடலுக்கு ஒரு துணை கிடைத்தது.

நாலாம் நாள்
அவள் பொறுக்கி வந்தது ஒரு மண்ணிறக் கல்.
கல்லல்ல, பியர் போத்தல் துண்டு,
எத்தனை கோடை உருண்டதோ
கூரெல்லாம் மறந்திருந்தது.
ஆண்ட்ரிஸ் அதை வெயிலுக்குப் பிடித்தான்.
புயல் கழிந்த காலையில்
அந்தக் கரையில் ஆட்கள் குனிந்து தேடுவது
இந்த நிறத்தைத்தானாம்,
மரம் அழுது இறுகிய கல்.
இது கண்ணாடி என்று அவனுக்கும் தெரியும்.
காசுப்பெட்டிக்கு மேலே வைத்துக்கொண்டான்.
பைரவிக்கு ஒரு முழு மீன்.
காசு வாங்கவில்லை.

அன்று மாலை
ஒன்பது மணிக்கும் சூரியன் போக மனமில்லாமல் நின்றது.
முழங்காலளவு தண்ணீரில்
நான் சும்மா நின்றேன்.
எட்டு மணிநேரம் நிற்பவளுக்கு
நிற்பது இவ்வளவு இலேசா?
குளிர் கணுக்காலைப் பிடித்தது,
விட்டது, பிடித்தது.
ஒரு நாய் குச்சியோடு வந்து
எறியச் சொல்லிக் கேட்டது.
எறிந்தேன்.
கொண்டுவந்தது.
எறிந்தேன்.
அவ்வளவுதான் நடந்தது.

ஐந்தாம் நாள்
திறப்பைப் பெட்டியில் போட்டோம்.
கால்களைத் தட்டித் தட்டி ஏறியும்
காருக்குள் ஒரு சுண்டு மணல்.

ஒரஞ்வில் தாண்டும்போதுதான் நினைவு வந்தது,
உப்புப் போத்தலை
அந்தக் குசினித் தட்டிலேயே விட்டுவிட்டேன்.
வரிசையில் கடைசி, கட்டையானது.
"திருப்பட்டா?" என்றார் குகதாசன்.
பின்சீற்றில் பைரவி,
புகைமீன் வாசத்தோடு,
பாதி நித்திரையில் சொன்னாள்:
"வேண்டாம். அவைக்குத்தான் தேவை."