டேஷ்போர்டில் ஐந்து மூக்கு

ஹட்டனில் நளீம் நானா
பம்பைக் கட்டித் தந்துவிட்டு
மூக்குகளைத் தனியாகக் கணக்குப் போட்டார்.
"பம்ப் எல்லாம் ஊதும் தங்கச்சி.
எங்க ஊதணும்னு மூக்குக்குத்தான் தெரியும்."

நெம்பு வைத்த மூக்கு சுலபம் என்றார்.
விடியற்காலை ஐந்தேகாலுக்கு
விறைத்த விரலால் அதை அமுக்கிப் பாரும் நானா,
துள்ளிக் கொண்டு முகத்துக்கு வரும்.
திருகுகிற பித்தளைதான் வேண்டும் என்றேன்.
கடைவாசலில் நின்ற வேனின் வால்விலேயே
மரை ஓடுகிறதா என்று திருகிப் பார்த்தேன்.
ஓடியது.
அதற்குப் பிறகுதான் சல்லி.

திருகியதைக் கழற்றும்போது
ஸ்ஸ் என்று இரண்டு இறாத்தல் போய்விடும்.
ஆகவே முப்பத்திரண்டு வேண்டுமென்றால்
முப்பத்துநான்கு வைப்பேன்.
பத்தொன்பது பிள்ளைகள், புத்தகப் பைகள்,
கொண்டையூசி வளைவுகள்.
இந்தக் கணக்கில் மட்டும்
நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

சென்கிளேயர் வளைவில் ஒரு வெள்ளைக்காரி
சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு
மூடுபனியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
அவள் வால்வு ஈர்க்குச்சி போல மெலிவு.
என் பித்தளை அதைக் கவ்வவே இல்லை.
பையைக் கொட்டினேன்.
சுண்டுவிரல் நகமளவு ஒரு குட்டி மூக்கு,
எதற்கென்று தெரியாமல் வாங்கியது,
தலையில் இருந்த பொடி மரையைத் தளர்த்தியதும்
போய் உட்கார்ந்துகொண்டது.
இருவரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம்.
அது எந்தப் பாஷையோ.

கீழ் டிவிசன் பையன்கள்
கரப்பந்தோடு வருவார்கள், சனிக்கிழமை தவறாமல்.
"பிரிஸ்காக்கா, ஊசி."
எச்சில் தொட்டு விடுங்கடா,
காய்ந்த ஊசி உள்ளே கிழித்துவிடும் என்பேன்.
பந்து நிறையும். ஊசி திரும்பி வராது.
இது நான்காவது ஊசி.

நேற்று லோகநாயகி வந்து நின்றாள்.
நிழல்மரத்துக் கிளை வெட்டப் போய் விழுந்த
அவள் புருஷனுக்கு முதுகில் புண்.
லிந்துலை ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் வளையம்
ராத்திரிக்குள் தட்டையாகிவிடுகிறதாம்.
ஊதி ஊதி அவளுக்குத் தலை சுற்றுகிறதாம்.

பம்பின் வயரோ மூன்று மீட்டர்.
லயத்துக்குள் எட்டாது.
வளையத்தை வேனுக்குக் கொண்டு வந்தோம்,
தூறலில், ஒரு குடையின் கீழ்.
பித்தளை: பெரிது.
குட்டி மூக்கு: உள்ளே விழுந்து ஆடியது.
ஊசியை எடுக்கவே இல்லை, ஓட்டை விழுந்துவிடும்.
கூம்பு மூக்கு பொருந்துவது போலப் பொருந்தி
ஓரமெல்லாம் சிரித்தது.

வளையத்தின் வாயைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே
லோகநாயகி நின்றாள்.
பிறகு உள்ளே ஓடி
சேலைன் ஏற்றிய குழாயோடு வந்தாள்.
எதையும் எறிவதில்லை அவள்.
அரை விரல் நீளம் வெட்டினோம்.
ஒரு முனை கூம்பில், மறுமுனை வளையத்தின் வாயில்.
நான் பொத்தானைத் தட்டினேன்,
மூன்று எண்ணினேன், அணைத்தேன்.
காருக்குப் போடும் மூச்சை
அதற்குப் போட்டால் வெடிக்கும்.
மறுபடி மூன்று.
மானியைப் பார்த்தேன்: சைபர்.
மறுபடி மூன்று.
சைபர்தான்.

"நிறையலையா?" என்றாள்.
அமுக்கிப் பார் என்றேன்.
அமுக்கினாள். அவள் உள்ளங்கையை
அது மெதுவாகத் திருப்பித் தள்ளியது.

எண்பது கிலோ அடைக்கலம் அண்ணனைத்
தாங்கும் காற்றுக்கு
என் மானியில் ஒரு கோடு இல்லை.
டயருக்குச் செய்த மானி, பாவம்.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது,
வலியைப் பற்றி இல்லை,
"வேன்காரிக்குத் தேத்தண்ணி குடுத்தியா?" என்று.

சேலைன் துண்டை
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.
பையில் இப்போது அதுவும் கிடக்கிறது,
ஊசி இருந்த இடத்தில்.