மூன்றாம் எண் சில்லர்

மனாமா. செப்டம்பர். முப்பத்தொன்றாம் மாடிக்கும் மேலே
காலி பெயிண்ட் வாளிக்குள்
ஸ்பாஞ்ச் சுற்றிய என் பழைய போன்
வானம் பார்த்து மல்லாந்து கிடக்கிறது.

மணிக்கொருமுறை நான் எழுத வேண்டியவை
அழுத்தம், வெப்பம், எண்ணெய் மட்டம்.
‘குறிப்பு’ என்றொரு கட்டம் சும்மா கிடந்தது.
00.52. வக்கா. ஒரே ஒரு கரைச்சல்.
01.17. உள்ளானா? தெரியவில்லை.
ஷௌகத் காலையில் வாசிக்காமல் கையெழுத்திடுவார்.

அறைக்குப் போய்ப் போட்டுக் கேட்டால்
முழுக்கச் சில்லர் இரைச்சல்தான்.
ஒலியின் படத்தில் அது அடியில் தேங்கிய சேறு.
அதற்கு மேலே எப்போதாவது
ஒரு நகக்கீறல்:
இந்த ஊரில் கால் வைக்காமலே
யாரோ கடந்திருக்கிறார்கள்.

நேற்று 02.40க்கு மூன்றாம் எண் தானாக நின்றது.
மற்ற இரண்டும் ஏற்கெனவே ரிப்பேர்.
ரீசெட் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டேன்,
அழுத்தவில்லை.

தியூ தியூ தியூ.

பாலத்து விளக்குகளுக்கு மேலே ஒன்று கூப்பிட
தள்ளி இன்னொன்று, இருக்கேன் இருக்கேன் என்று.
அதற்கும் அப்பால் இன்னொன்று.
அண்ணாந்தும் பயனில்லை,
புழுதியும் ஊர் வெளிச்சமும்தான்.

நான்கு நிமிடம்.
பதினான்காம் மாடியில் ஒருவர் வியர்த்து எழுந்து
வரவேற்புக்குப் போன் செய்திருக்கிறார்.

நின்ற காரணம்: எண்ணெய் அழுத்தம் குறைவு.
திரும்ப ஓட்டத் தாமதம்:
பச்சைக்காலி, ஏழுக்குக் குறையாது, தெற்கு நோக்கி.

இன்று ஷௌகத் வாசித்தார்.
இரண்டு முறை.
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
இருட்டில் எப்படி எண்ணினாய்?