நிறுத்தி வைத்த மழை

பாயான் லெப்பாஸ் கிலாங்கில், விடிகாலை மூன்று மணிக்கு,
சோறு தின்னும் அறையில்
மைலோ டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள்
பேங்காக்கில் மழை பெய்கிறது.
பதினோராவது எபிசோட்.
இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டைகள்.
இன்றைக்கு நனையத்தான் போகிறது என்று
முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும் வெள்ளை.

"நிறுத்து, நிறுத்துடி" என்கிறாள் புஷ்பலதா.
நிற்கிறது மழை,
ஒருவனுடைய வயிற்றுக்கு நேராக.
நூருல் ஐன் முகத்தை முக்காட்டால் மூடி
விரலிடுக்கில் பார்க்கிறாள்.
மீ கோரெங்கை மென்றபடி சுவீ லின்:
"நாலு எபிசோடா பார்க்கிறேன் லா,
இந்தக் கேமரா கழுத்துக்கு மேல ஏறவே மாட்டேங்குது.
பொம்பளைங்களுக்குச் செஞ்சத
இப்ப பையன்களுக்குச் செய்றாங்க, அவ்ளோதான்."
"செய்யட்டுமே" என்கிறாள் புஷ்பலதா.
"இருபது வருஷம் நம்மளப் பார்த்தாங்க இல்ல?
பஸ்ஸுல, கேட்டுல, ஸ்டோர் ரூம்ல.
ஒரு மணி நேரம் நான் பார்க்கிறேன்."

ஓவர்டைம் ஃபாரத்திலிருந்து தலையைத் தூக்காமல்
கோமளாக்கா சொன்னாள்:
"எனக்கு இதுல ஒண்ணுதான் பிடிக்குது.
யாரும் பொண்டாட்டிய அடிக்கல.
பொண்டாட்டியே இல்லியே."
எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.
"நீங்க ஆம்பளை, சொல்லுங்க திருமாறன்,
நிஜத்துல இப்படியெல்லாம் இருப்பாங்களா?"
உப்பு முட்டையின் மஞ்சள் நாக்கில் ஒட்டிக்கொண்டது.
"நடிப்பு நல்லாருக்கு" என்றேன்.

எங்களுக்குச் சம்பளமே பார்ப்பதற்குத்தான்.
மஞ்சள் விளக்கின் கீழே மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து
ஒரு ஷிப்டுக்கு ஆறாயிரம் சில்லுகள்.
கீறல் இருந்தால் சிவப்பு மையில் ஒரு புள்ளி.
அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்,
நிறுத்தி வைத்த மழையில் நிற்கிற பையனை.
உதடு நீலம் பாய்ந்திருந்தது.
எத்தனையாவது டேக்கோ. தொட்டித் தண்ணீர். ராத்திரி வேலை.
உனக்காவது ஓவர்டைம் ஒழுங்காகத் தருகிறார்களா, தம்பி?

அதே தொடரில் கறுப்பாய் ஒருவன் வருகிறான்.
கதவு திறக்கிறான். பெட்டி தூக்குகிறான்.
அவன் யாரை நினைத்துத் தூங்குகிறான் என்று
எந்த எபிசோடும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, ஏழே விநாடி.
நம் ஊர் கெம்போங் மாதிரி ஏதோ மீன்.
ஒருவன் முள்ளை எடுத்துவிட்டுச்
சதையை மற்றவன் தட்டோரம் வைப்பான்,
பேச்சை நிறுத்தாமல், தட்டைக்கூடப் பார்க்காமல்.
அங்கே யாரும் கத்தவில்லை. புஷ்பலதா ஓட்டிவிட்டாள்.
வீட்டுக்குப் போய்ப் பத்துத் தடவை பார்த்தேன்.
பத்தாவது தடவை கேட்டுக்கொண்டேன்:
இது மட்டும் பசி இல்லையா?

போன நவம்பரில் பாலத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டது.
மோட்டாரை ஓரம் கட்டி, யோகா
தன் மழைக்கோட்டைக் கழற்றி நீட்டினான்.
"உனக்குத்தான் சளி. போடு."
ஊதா நிறம். தோளில் கிழிசல், அதன்மேல் செலோடேப்.
ஹெல்மெட்டில் ஹெல்மெட் இடிக்க இடிக்க
பிறை வரைக்கும் வந்தோம்.
மழை என்பதால்
அவன் இடுப்பை நான் பிடித்திருந்ததை
எந்த லாரிக்காரனும் ஒன்றும் நினைக்கவில்லை.
படம் பிடிக்க அதில் எதுவுமில்லை.
இரண்டு தொப்பை. ஒரு மழைக்கோட்டு.

மணி அடிக்கிறது.
கைப்பேசியை அணைக்கிறார்கள். அந்தப் பையன்
நனைந்தபடியே பைக்குள் போகிறான்.
கையுறை மாட்டும் வரிசையில்
கோமளாக்கா என் பக்கத்தில் வந்து நிற்கிறாள்,
முகக்கவசத்துக்குள்ளிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:
"அந்த முள் எடுக்கிறது எந்த எபிசோட்?"

ஒன்பது, என்றேன்.
பதினேழாவது நிமிஷம்.