மூன்றரை

மே மாதம். பனி விலகி மலைச்சாலை திறந்த மறுநாள்
உசோரி ஏரியில் அமிலமானியைத் தோய்க்கிறேன்.
மூன்றரை.
போன வருடமும் அதேதான்,
அதற்கு முந்தைய வருடமும்.
பழுக்காத ப்ளம் காயைக் கடித்ததுபோல்
பல் கூசும் நீர்.

கரையில் கந்தகம் மூச்சு விடுகிறது.
யாத்ரீகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு
செத்தவர்களைத் தேடி வருகிறார்கள்.
நான் வலையோடு வருகிறேன்.

இந்த ஏரிக்கு ஒரே ஒரு மீன்தான். உகுயி.
வேறெந்த மீனை விட்டாலும்
மதியத்துக்குள் மல்லாந்துவிடும்.

அதன் செவுளை நுண்ணோக்கியின் கீழ் விரித்திருக்கிறேன்.
செந்நிற இழைகளுக்கிடையே தடித்த செல்கள்.
ஒவ்வொன்றின் வாசலிலும் ஓயாத பண்டமாற்று:
ஒரு சோடியம் உள்ளே வா,
ஒரு புளிப்பே வெளியே போ.
ஒன்றுக்கு ஒன்று.
பேரம் இல்லை. கடன் இல்லை.
ஏரியே புளிப்பு; அதற்குள் நின்று
தன் புளிப்பைத் துப்பித் துப்பி வாழ்கிறது,
ஓட்டைப் படகிலிருந்து
தகர டப்பாவால் கடலை இறைப்பவன் மாதிரி.

இந்த வாசல் மீனுக்கு மட்டும் உரியதல்ல.
என் குடலில் உண்டு, சிறுநீரகத்தில் உண்டு,
வலைமுடிச்சை அவிழ்க்கும் இந்த விரலிலும்.
தகெஹிதோவின் இதயத்திலும் இருந்தது.

பிப்ரவரி. பனி வாரும் வண்டியின்
சக்கரத்தின் மேல் அவர் சாய்ந்தபோது
முட்சு மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பாதை.
அன்று அவர் வாராத பனியில்
மூன்றரை.

அடைபட்ட நாளத்துக்குக் கீழே
மூச்சில்லாமல் உழைத்த தசை
தனக்குள்ளேயே புளித்துக் கிடந்தது.
மருத்துவர் நிஷிதானி கம்பியை நுழைத்தார்.
திரையில் ஒரு கறுப்பு ஆறு கிளைவிட்டு ஓடியது.
ரத்தம் திரும்பிவிட்டது என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையசைத்தார்.
நான் குனிந்து வணங்கினேன்.
நிமிர்வதற்குள்

பிறகுதான் படித்தேன், ஆய்வகத்தில்,
எல்லோரும் போன பின்.
கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன.
தேங்கிய புளிப்பை அவசர அவசரமாக வெளியேற்ற
அதே கணக்கில் சோடியம் முண்டியடித்து நுழைந்திருக்கிறது.
உப்பைத் தின்றால் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
செல்கள் வீங்கின.
நிறைந்த சோடியத்தை வெளியே தள்ள
அடுத்த வாசலில் கால்சியத்தை வாங்கின.
கால்சியம் வந்தால் தசை இறுகும்.
இறுகியது.
விரியவில்லை.
மூன்றரை மணி நேரம் ரத்தத்துக்காகக் காத்திருந்தது
அது வந்ததும்.

அந்தக் கதவை அடைக்க மருந்து செய்தவர்களும் உண்டு.
எலியில் பலித்தது. பன்றியில் பலித்தது.
மனிதரில், இதயத்தைத் தாங்கிய கையே
மூளையில் அடித்தது.
மூடிவைத்துவிட்டார்கள்.
அவர்களைக் குறை சொல்ல மனமில்லை.
கதவைப் பகை என்று சொல்லவும் வாய் வரவில்லை;
பகல் முழுவதும் அதைத்தானே எண்ணுகிறேன், சம்பளத்துக்கு.

சிவப்புப் பாலத்திலிருந்து ஒருத்தி காசு எறிகிறாள்.
இறந்தவர்கள் ஆற்றைக் கடக்க ஆறு காசாம்.
இந்த நீரில் காசு சீக்கிரம் கறுத்துவிடும்,
எத்தனை யென் என்று படிக்க முடியாதபடி.
தகெஹிதோவுக்கு நான் கொடுத்தது
ஆறு காசு அச்சடித்த தாள்.
தகனத்தில் உலோகம் கூடாது என்றார்கள்.
படகுக்காரன் அதை வாங்கிக்கொண்டானோ என்னவோ.

வலையில் பன்னிரண்டு. அனுமதியும் பன்னிரண்டுக்கே.
கடைசி மீன் வயிறு பருத்தவள்.
இந்த ஏரியில் முட்டை பிழைக்காது;
புளிக்காத ஓடையைத் தேடி
இந்த வாரமே அவள் மேலேற வேண்டும்.
என் கையில் செவுள் திறக்கிறது, மூடுகிறது,
திறக்கிறது.

படிவத்தில் பதினொன்று என்று எழுதினேன்.
பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.
திரும்பிப் பார்க்காமல் போனாள்.
மீன்கள் பார்ப்பதில்லை.

கை கழுவ நல்ல நீர் கொண்டுவர மறந்திருந்தேன்.
மாலைவரை விரல் வெடிப்புகளில்
எரிந்துகொண்டே இருந்தது ஏரி.