மேசை நடுவில் ஓர் ஓட்டை

மேசை வாங்கியபோதே இருந்தது,
மணிக்கட்டு நுழையும் அளவுக்கு ஒரு வட்டம்.
பதினோரு வருஷம் அதன்மேல்
காலித் தயிர்க் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம்,
கீழிருந்து குளவி ஏறி வராமல்.

மார்ச் மாதம் எலோயின் காதோரம்
பட்டாணி அளவு சதையை வெட்டி எடுத்த டாக்டர்
ஏழு தையல் என்று சொல்லிவிட்டு
இனி நிழலில் இருங்கள் என்றார்,
முப்பத்திரண்டு வருஷம்
ஊரார் தலைக்கெல்லாம் கூரை போட்டவனிடம்.
அதுவும் அல்புகெர்க்கியில்,
கள்ளிச்செடி தன் காலுக்கே
நிழல் கொடுக்க யோசிக்கும் ஊரில்.

கடைக்குள் வெயில் கிடையாது.
டியூப்லைட்டுக்குக் கீழே
எல்லாக் குடையும் யோக்கியம்தான்.

நாற்பத்தைந்து டாலர்க் குடை தர்பூசணிச் சிவப்பு.
எலோய் அதன் கீழே போய் நின்று
துணி வழியே விளக்கைப் பார்த்தான்.
விளக்கும் அவனைப் பார்த்தது.
வெளியே வந்துவிட்டான்.
வாடகை வீட்டுக்குப் புதிதாய் வந்த ஜோடி ஒன்று
அதையே தோளில் போட்டுக்கொண்டு
சிரித்தபடி பணம் கட்டப் போனது.
அவர்களுக்குச் சரி.
ஒரு கோடை என்பது அந்த வயதில் ரொம்ப நீளம்.

தொள்ளாயிரத்து நாற்பதுக்கு இன்னொன்று.
கால் ஓரமாய் ஒதுங்கி நிற்க
கை மட்டும் நீண்டு அந்தரத்தில் பிடிக்கிறது,
பின்னால் நடந்துவரும் சேவகன் போல.
கம்பிக்குக் கம்பி குட்டி விளக்குகள்.
"ராத்திரியிலும் விரிக்கலாம்" என்றான்
விற்கிற பையன் டரெல்.
அர்த்தராத்திரியில் குடை பிடிக்க
வாழ்வு வந்திருக்க வேண்டும்.
எங்களுக்கு வந்தது ஆஸ்பத்திரி பில்.

நூற்றெழுபதில் எலோய் நின்றான்.
நெய்யும் முன்பே நூலுக்குள் சாயம் ஏற்றியதாம்,
சீக்கிரம் வெளிறாதாம்.
உச்சியில் காற்று வெளியேற ஒரு சின்னத் தொப்பி.
கம்பியை வளைத்தான், விட்டான்.
அது திரும்பி நிமிர்ந்த விதத்தில்
கூட வேலை செய்த யாரையோ பார்த்தவன் போலத்
தலையசைத்தான்.

"அடிக்கட்டை தனி" என்றான் டரெல்,
பிளாஸ்டிக், மணல் நிரப்புவது, எண்பது டாலர்.
எலோய்க்குச் சிரித்தால் தையல் வலிக்கும்.
சிரித்தான்.
போன ஏப்ரலில் பக்கத்து வீட்டு லுசிண்டாவின் குடை
அதே மணல் காலோடு கிளம்பி
மதிலேறிக் குதித்து
எங்கள் டிரக்கின் கண்ணாடியில் வந்து குந்தியது.

ஆக, குடை கடையில், கால் வீட்டில்.
பழைய டிரக் டயர் ஒன்று,
சிமெண்ட் கலவை மூன்று மூட்டை,
நடுவில் இரும்புக் குழாய்.
வெயிலுக்கு வரக்கூடாதவன்
வலைக்கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டான்.
நான் மண்வெட்டியோடு வெளியே,
தயிர்க் கிண்ணத்தால் தண்ணீர் அளந்து ஊற்றினேன்.
ஜாஸ்தி, என்றது வலை.
குழாய் சாயுது, என்றது வலை.
சாய்ந்தால் நீயும் சாய்ந்து உட்கார், என்றேன்.
கொஞ்சம் சாய்ந்துதான் இறுகியது.

விரித்த முதல் நாள்தான் தெரிந்தது,
குடை நிற்கிற இடத்தில் நிழல் நிற்பதில்லை.
எந்த விலைச்சீட்டிலும் அது எழுதியிருக்கவில்லை.
பத்து மணிக்கு மேற்கே கிடந்தது,
மதியம் மேசைமேல் ஏறியது,
மூன்றுக்குக் கிழக்கே இறங்கிக் கிளம்பிவிட்டது.
எலோய் நாற்காலியை அரை அடி, அரை அடியாக
இழுத்துக்கொண்டே போனான்,
காதில் கட்டு, மடியில் செய்தித்தாள்.
ஐந்தரைக்கு லுசிண்டாவின் மதிலோரம் இருந்தான்.

அவள் மதிலுக்கு மேல் முகம் நீட்டி
எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
"நாற்பத்தைந்து" என்றான்,
"சிமெண்ட்டையும் சேர்த்து."