சொச்சம்

முதுநகர் மீன் சந்தையில்
தராசுகளுக்கு முத்திரை குத்துவது என் உத்தியோகம்.
செதில் ஒட்டிய கையோடு
அஞ்சலாட்சி ஒருநாள் கேட்டாள்:
"என் கல்லை உன் கல்லால நிறுக்கிற.
உன் கல்லை யாரு நிறுக்கிறா?"
பெங்களூரில் ஒரு கல் இருக்கிறது என்றேன்.
"அதை?"
டெல்லியில் ஒன்று.
"அதை?"
அதற்குள் வஞ்சிரம் கேட்டு ஆள் வந்துவிட்டது.
தப்பித்தேன், அன்றைக்கு.

இரவில் நான் வேறு ஆள்.
ஈயப்புகை போக மாடி ஜன்னலைத் திறந்துவைத்து
பாதி நகமளவு சிப் ஒன்றைப்
பலகையில் உட்காரவைக்கிறேன்.
ஒன்றும் சைபருமாக வருவதை
ஓசையாக்கித் தரும் பெட்டி.
மூன்று செய்தாயிற்று.
முதலாவது சுவர்க்கோழி மாதிரி கத்தியது.
இரண்டாவது ஊமை.
மூன்றாவது பாடுகிறது,
எவ்வளவு சுத்தமாக என்பதுதான் தெரியவில்லை.

ஜெயசீலனிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன்.
"நல்லா இருக்கு" என்றார்.
போன செவ்வாய்க்கிழமை
உப்பு போட மறந்த குழம்புக்கும்
இதையேதான் சொன்னார்.
காதை நம்ப முடியாது,
அது பிரியத்தோடு கேட்கிறது.

பாலிடெக்னிக் நஸ்ரின்
ஆசிலோஸ்கோப் தருகிறேன் என்றாள்.
எட்டு பிட்.
அலையின் உருவம் தெரியும், அழுக்கு தெரியாது.
லாரி எடைமேடையில்
மூக்குத்தியை வைத்து நிறுத்த கதை.

பெங்களூரில் மூடிப்போன கம்பெனி ஒன்றின்
அனலைசர் விலைக்கு வந்தது.
இருபத்திரண்டு கிலோ, முகமெல்லாம் குமிழ்கள்.
கடைசியாகச் சரிபார்த்த சீட்டில்
மாதம் இருக்கிறது, வருஷம் கிழிந்துவிட்டது.
சந்தையில் இப்படி ஒரு தராசைப் பார்த்தால்
நானே பறிமுதல் செய்வேன்.
ஆனாலும் நாலு நாள்
போனில் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன்.
ஜி.பி.எஃப். முன்பண விண்ணப்பத்தை
இரண்டு முறை நிரப்பி
இரண்டு முறையும் கிழித்தேன்.

கடைசியில் ரிச்சி தெருவிலிருந்து
வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்கள் வாங்குகிற
சின்னக் கறுப்புப் பெட்டி. பதினோராயிரம்.
அதன் வாயை அதன் காதிலேயே சொருகி
முதலில் அதையே அளந்தேன்.
நான் பிடிக்க வந்த பொய்யைவிட
அது தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பொய்
பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் அதோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சந்தையில்
கூடையின் எடையைக் கழித்துக்கொண்டிருந்தபோது
கை நின்றது.

மூன்று ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர்.
ஆயிரம் ஹெர்ட்ஸை மட்டும் விழுங்கிவிடும் சுற்று.
பெரிய குரலை வாசலிலேயே நிறுத்திவிட்டுக்
கூட வந்தவர்களை மட்டும் உள்ளே விட்டேன்.
கூச்சல் இல்லாமல் போகவே
கறுப்புப் பெட்டி நிதானமாகச் சொச்சத்தை எண்ணியது.
இரண்டாயிரத்தில் ஒரு முள்.
மூவாயிரத்தில் குட்டி முள்.
ஐம்பதில் பனைமரம்.

வயரை மாற்றினேன். எர்த்தை மாற்றினேன்.
இட்லி பார்சல் செய்கிற அலுமினியத் தாளில்
எல்லாவற்றையும் சுற்றினேன்.
பனைமரம் அசையவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
துறைமுகத்தோரம் ஐஸ் ஃபேக்டரி
ஒருமுறை இருமி அடங்கியது.
லேப்டாப் தன் பேட்டரியில்,
என் பெட்டி பழைய ஸ்கூட்டர் பேட்டரியில்,
ஊரே இருட்டு.
திரையில் மட்டும் ஒரு கோடு,
உப்பனாற்றில் ஓதம் வடிந்த சேறுபோலப்
படிந்து கிடந்தது.
பனைமரம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.
அது ஊருடையது.
அந்த இரண்டு முள் மட்டும் என்னுடையவை.

செல்போன் வெளிச்சத்தில் நோட்டில் எழுதினேன்.
தேதி. பேட்டரி பன்னிரண்டு புள்ளி நாலு.
அறை வெப்பம் முப்பத்தொன்று.
சொச்சம், நூற்று ஏழு டெசிபல் கீழே.
பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு
எவ்வளவு என்று எழுதப் பேனாவை ஊன்றினேன்.
"அதை?" என்றாள் அஞ்சலாட்சி,
மீன் வாசத்தோடு.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.
ஐஸ் ஃபேக்டரி உறுமியது.
பனைமரம்
தன் இடத்தில் நின்றது.